கைக்கருவியில் நில வரைபடம்: ஜி.பி.எஸ். ஏற்பி இணையாதபோது கவனிக்க வேண்டியவை

நிலத்தின் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு ஆகிய மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய உழவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளம். இப்போது அவற்றுடன் நான்காவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் நிலத்தின் இடப்புள்ளி, அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும். சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்குப் படம் எடுப்பதானாலும், பயிர்ச்சேதத்தைக் காப்பீட்டுச் செயலியில் தெரிவிப்பதானாலும், படத்துடன் இடப்புள்ளியும் பதிவாக வேண்டியிருக்கிறது.

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்களும் ஈடுபடுத்தப்பட்டார்கள். கைப்பேசியுடன் வயலுக்குள் நின்று, அந்த உட்பிரிவில் என்ன பயிர் என்று படத்தோடு பதிவு செய்வதே அப்பணி. அதே மாதம் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்ததை இப்பகுதி உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரில் மூழ்கிய நெல்லுக்கும் உளுந்துக்கும் சாட்சி சொல்லக்கூடியது அடங்கலும், இடம் குறித்த படமுமே. பயிர்க் காப்பீட்டில் தனிப்பட்ட வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் கருவி "இருப்பிடம் கிடைக்கவில்லை" என்று சொன்னால், அல்லது புள்ளி வரப்பைத் தாண்டி அடுத்தவர் நிலத்தில் போய் விழுந்தால், உங்கள் உளுந்து அவருடைய கரும்பாகிவிடும். பின்னால் அதைத் திருத்த நடையாய் நடக்க வேண்டும்.

ஆகவே, கருவி ஏன் இணைவதில்லை, எங்கே கோளாறு, அதை நாமே எவ்வாறு சரி செய்துகொள்ளலாம் என்பதை உழவர்களும், வீட்டில் கைப்பேசி கையாளும் இளைஞர்களும் அறிந்துகொள்வது பயனுடையது.

ஏற்பி எவ்வாறு வேலை செய்கிறது?

புலப்படம் தயாரிக்கும் அளவர், ஒரு மூலைக்கல்லின் இடத்தை எவ்வாறு குறிக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். இடம் தெரிந்த இரண்டு கற்களிலிருந்து சங்கிலி பிடித்து, இதிலிருந்து இவ்வளவு, அதிலிருந்து இவ்வளவு என்று முக்கோணம் போட்டு மூன்றாவது கல்லை நிறுத்துகிறார். 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சங்கிலியால் சுமார் 7.5 மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இதே வகையில்தான்.

ஜி.பி.எஸ். முறையில் கற்களுக்குப் பதில் செயற்கைக்கோள்கள். சங்கிலிக்குப் பதில் நேரம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்கள் ஒவ்வொன்றும் "நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த வானொலி அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் கொண்டு ஏற்பி தொலைவைக் கணக்கிடுகிறது. அலை ஒளியின் வேகத்தில் வருவதால், கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். ஏற்பியில் உள்ள சிறு கடிகாரம் அவ்வளவு நுட்பமானது அன்று. அதனால்தான் இடத்துக்கு மூன்று கோள், கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள ஒன்று என, குறைந்தது நான்கு கோள்கள் ஏற்பியின் கண்ணில் பட வேண்டும்.

இதில் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்பி எதையும் அனுப்புவதில்லை, வாங்குவதோடு சரி. அதற்குக் கட்டணம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் தேவையில்லை. 'டவர் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வரவில்லை' என்று பலரும் சொல்வது முழுவதும் சரியன்று. கோபுரம் இல்லாவிட்டால் பின்னணியில் உள்ள வரைபடம் வராது, இடப்புள்ளி வரும். மற்றொன்று, கோள் அனுப்பும் அலை ஒரு குண்டு பல்பு எரியும் அளவு சக்தியில் புறப்பட்டு அவ்வளவு தூரம் வருவதால், கீழே வந்து சேரும்போது மிகவும் நலிந்திருக்கும். தகரக்கூரை, கான்கிரீட் தளம், அடர்ந்த தோப்பு எதுவும் அதைத் தடுத்துவிடும்.

முதலில் பழுது எந்தப் பகுதியில்?

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால், எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றும் உழவர் எவரும் இலர். மும்முனை மின்சாரம் சரியாக வருகிறதா, கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, புட்வால்வு பிடிக்கிறதா, குழாயில் காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த ஒழுங்கைத்தான் இங்கும் கையாள வேண்டும். வானத்திலிருந்து வருவதை வாங்கும் ஏற்பி, ஏற்பியிலிருந்து செயலிக்குச் செய்தி போகும் வழி, செய்தியைப் படத்தில் வைக்கும் வரைபடச் செயலி என்று பகுதிகள் மூன்று. கைப்பேசிக்குள்ளேயே ஏற்பி இருந்தால் வழியும் உள்ளேயே இருக்கிறது. புளூடூத் மூலமோ ஒயர் மூலமோ இணைக்கும் தனி ஏற்பியானால் வழி வெளியில் இருக்கிறது. கோளாறுகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நேர்கின்றன. ஆனால் நம்மவர்கள் முதலில் செய்வது செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. அதில் வரப்பு அளந்து சேமித்த பழைய பதிவுகளும் சில நேரம் போய்விடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்க.

ஏற்பி கோள்களைப் பிடிக்காவிடில்

பல நாட்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஏற்பியும், ஓர் ஊரில் அணைத்து வேறொரு தொலைதூர ஊரில் திறக்கப்படும் ஏற்பியும், எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று அறியாத நிலையில் இருக்கும். ஒரு கோளின் சரியான இருப்பிடச் செய்தி 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். எல்லாக் கோள்களின் அட்டவணையும் முழுமையாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இணையம் உள்ள கைப்பேசி இந்தச் செய்தியை இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் சில விநாடியில் இடத்தைக் காட்டிவிடுகிறது. தனி ஏற்பிக்கும், இணையம் இல்லாத கைப்பேசிக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே இவற்றைத் திறந்தவெளியில், களத்துமேட்டிலோ வரப்பின் மேலோ வைத்து, 15 நிமிடம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடி திறந்து, மறுபடி அணைப்பது விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பது போன்றது. ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்குகிறது.

நிற்கும் இடமும் முக்கியம். மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, நன்கு வளர்ந்த மாந்தோப்பு ஆகியவற்றின் உள்ளே, முக்கியமாக மழைக்குப் பின் இலைகள் நனைந்திருக்கும்போது, அலைகள் வெகுவாகக் குறையும். பம்புசெட்டு அறையின் தகரக்கூரைக்கும் சுவருக்கும் அருகே நின்றால் வேறொரு தொல்லை. அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. தொலைவு கூடுதலாகக் கணக்காகிறது. புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. பத்து, பதினைந்து அடி தள்ளி நின்றாலே வேறுபாடு தெரியும்.

தனி ஏற்பியைச் சட்டைப்பையிலோ மடியிலோ வைத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. மனித உடலும் நீர் நிறைந்த பொருளாகையால் பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. ஏற்பியை ஒரு கம்பின் நுனியில் கட்டிக்கொள்வது நல்லது. தலைப்பாகை கட்டும் வழக்கமுள்ள பெரியவர்களுக்கு அதைவிட வசதியான இடமும் உண்டு: தலைப்பாகையின் மேல் மடிப்பு. சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உடம்பில் அதைவிட வானம் தெரியும் இடம் வேறில்லை.

எந்த நேரத்தில் அளப்பது என்பதும் தமிழ்நாட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. புவியின் காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்கோடி வழியாகச் செல்கிறது. அதன் அருகில் உள்ள பகுதிகளில், சூரியன் மறைந்த பின் நள்ளிரவு வரை, மேல் வானத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கு கொந்தளித்து, கோள்களின் அலைகளை மினுமினுக்கச் செய்யும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இது மிகுதி. பகலில் ஒழுங்காக வேலை செய்த கருவி இருட்டியபின் கோள்களை விட்டுவிட்டுப் பிடிப்பது இதனால் இருக்கலாம். கருவியைக் குறை சொல்லாமல், அளக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நலம்.

கைமாறி வந்த பழைய ஏற்பிகளில் ஒரு விசித்திரமான கோளாறு காணப்படும். கருவி இடத்தைச் சரியாகக் காட்டும். தேதி மட்டும் ஏறத்தாழ 20 ஆண்டு பின்தங்கியிருக்கும். ஜி.பி.எஸ். முறையில் வாரங்கள் 0 முதல் 1023 வரை எண்ணப்பட்டு, மறுபடி 0 ஆகிவிடும். 1999 ஆகஸ்டிலும், 2019 ஏப்ரலிலும் இவ்வாறு எண் திரும்பியது. அதற்கேற்ப உள்மென்பொருள் புதுப்பிக்கப்படாத ஏற்பிகள் பழைய காலத்திலேயே வாழ்கின்றன. சில ஏற்பிகள் இதனால் கோள்களைத் தேடுவதிலேயே தடுமாறும். வேறு சிலவற்றில் புள்ளி சரி, ஆனால் தேதி தவறாகப் பதிவாகும். பயிர்ச்சேதப் படத்தில் தேதி தவறாக இருந்தால் அந்தப் படம் பயன்படாது. உற்பத்தியாளர் தரும் புதிய உள்மென்பொருளை ஏற்ற முடியாவிட்டால், அத்தகைய ஏற்பியைப் பரப்பு அளப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வழியில் உள்ள கோளாறுகள்

கைப்பேசிக்குள் இருக்கும் ஏற்பியை முதலில் எடுத்துக்கொள்வோம். இருப்பிடம் என்னும் பொத்தான் திறந்திருந்தாலும், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அனுமதி வழங்க வேண்டும். அதில் துல்லியமான இருப்பிடம், தோராயமான இருப்பிடம் என்று இரண்டு உண்டு. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இப்பிரிவு இருக்கிறது. அவசரத்தில் தோராயம் என்பதைத் தொட்டுவிட்டால், செயலிக்கு நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும், வயல் தெரியாது. புள்ளி ஒரு கிலோமீட்டர் அப்பால் ஏரிக்குள் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மின்கலச் சேமிப்பு முறை திறந்திருந்தால், திரை அணைந்ததும் சில கைப்பேசிகள் இடப்புள்ளி வாங்குவதை நிறுத்திவிடும். வரப்போரமாக வளைந்து வளைந்து நடந்திருப்பீர்கள். படத்தில் மட்டும் வயலுக்குக் குறுக்கே வெட்டிய ஒரு நேர்கோடு இருக்கும். அந்தக் கோடே இக்கோளாறின் அடையாளம். அளக்கும் நேரத்துக்கு மட்டும் அச்சேமிப்பை நிறுத்தி, திரையை அணையாமல் வைத்துக்கொள்க.

தனி ஏற்பியை இணைப்பவர்களுக்கு வேலை சற்று அதிகம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் சேர்ந்து ஒரு ஏற்பி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளும் இடங்களில் இப்பகுதி உதவும். புளூடூத் பட்டியலில் ஏற்பியின் பெயரைத் தொட்டதும் கடவெண் கேட்கும். பெரும்பாலான ஏற்பிகளுக்கு 0000 அல்லது 1234. அதன்பின் 'ஜோடி சேர்ந்தது' என்று வரும். பலர் இத்துடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். ஜோடி சேர்வது வேறு, இணைவது வேறு. நிச்சயதார்த்தம் ஆனதால் மட்டும் குடும்பம் நடந்துவிடுமா? வரைபடச் செயலிக்குள் சென்று, இடப்புள்ளி எங்கிருந்து வர வேண்டும் என்னும் இடத்தில் அந்த ஏற்பியின் பெயரைத் தேர்ந்தெடுத்த பின்னரே செய்தி ஓடத் தொடங்கும்.

பொது ஏற்பியில் வரும் மற்றொரு சிக்கல், முன்பு இணைத்தவருடைய கைப்பேசி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. பல ஏற்பிகள் ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன் மட்டுமே பேசும். நேற்று அளந்தவர் பக்கத்து வயலில் நின்றுகொண்டிருந்தால், அவருடைய கைப்பேசி தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கருவியில் 'இணைக்க இயலவில்லை' என்று மட்டும் வரும். "அண்ணே, உங்க போன்ல புளூடூத்த கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒரு குரல் கொடுத்தாலே தீரும் கோளாறு இது. புதிய ஏற்பி வேண்டும் என்று கடைக்குப் போக வேண்டியதில்லை. அப்படியும் சேராவிட்டால் பட்டியலிலிருந்து ஏற்பியின் பெயரை நீக்கி, இரு கருவிகளையும் அணைத்துத் திறந்து, மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். சாதாரண புளூடூத் ஏற்பிகள் பல ஐபோனில் இணைவதில்லை, வாங்குமுன் கேட்டுக்கொள்க.

ஒயரில் இணைப்பவர்கள் ஒயரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் பயன்படும் ஒயர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், உள்ளே செய்தி போகும் கம்பிகள் இரா. ஏற்பியில் விளக்கு எரியும், செயலிக்கு ஒன்றும் வராது.

இனிச் சொல்வது இக்கட்டுரையில் மிகவும் பயன் தரக்கூடிய பகுதி என்று கருதுகிறேன். பெரும்பாலான வரைபடச் செயலிகளில், ஏற்பி அனுப்பும் செய்தியை அப்படியே வரி வரியாகக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. உலகெங்கும் பெரும்பாலான ஏற்பிகள் என்.எம்.இ.ஏ. என்னும் ஒரே வகை மொழியில் பேசுகின்றன. கப்பல் கருவிகளுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மொழி அது. ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். இடையிடையே காற்புள்ளிகள் இருக்கும். இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நோய் எது என்று நாடி பிடித்தாற்போல் தெரிந்துவிடும்.

பக்கம் வெறுமையாக இருந்தால் வழியே திறக்கவில்லை. ஜோடி, பெயர்த் தேர்வு, ஒயர், வேறொருவர் கைப்பேசி இவற்றைப் பார்க்க வேண்டும். வரிகள் ஓடுகின்றன, ஆனால் எழுத்துகள் புரியாத கிறுக்கலாக இருக்கின்றன என்றால், இரு பக்கமும் பேசும் வேகம் வேறுபடுகிறது. பாட் வீதம் என்று அமைப்பில் இருப்பது அந்த வேகமே. என்.எம்.இ.ஏ. முறையின் பழைய பொது வேகம் 4800. பிற்கால ஏற்பிகளில் 9600, 38400, 115200 என்றெல்லாம் இருக்கும். ஒயர் மூலம் இணைப்பவர்களுக்கும், பழைய கையடக்கக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். அத்தகைய கணினிகளில் வாயில் எண் ஒன்றும் கேட்கும். ஏற்பி எந்த வாயிலில் இருக்கிறதோ அதே எண்ணைச் செயலியிலும் கொடுக்க வேண்டும். ஒரே வாயிலை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் திறக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வரிகள் தெளிவாக ஓடுகின்றன, ஆனால் காற்புள்ளிகளுக்கு இடையே ஒன்றும் இல்லை என்றால், வழி சரியாக இருக்கிறது. ஏற்பிக்குத்தான் இன்னும் கோள்கள் கிடைக்கவில்லை. ஆர்.எம்.சி. என்று முடியும் சொல்லில் தொடங்கும் வரியில், நேரத்துக்கு அடுத்து ஆங்கில எழுத்து 'வி' இருந்தால் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். 'ஏ' இருந்தால் கிடைத்துவிட்டது. ஜி.ஜி.ஏ. என்னும் வரியில், அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பின் வரும் தனி இலக்கம் 0 ஆனால் இடம் இல்லை, 1 ஆனால் சாதாரண இடம், 2 ஆனால் திருத்தம் பெற்ற இடம். ஏற்பி உயிரோடு இருக்கிறதா, வழி திறந்திருக்கிறதா, வானம் தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு பக்கமே விடை சொல்லிவிடுகிறது.

வரிகளில் எல்லாம் சரியாக இருந்தும் வரைபடத்தில் பழைய புள்ளியே நிற்கிறதா? செயலி வெளி ஏற்பியை விட்டுவிட்டு, கைப்பேசிக்குள் இருக்கும் ஏற்பியையே பார்த்துக்கொண்டிருக்கலாம். கியூஃபீல்டு போன்ற இலவசச் செயலிகள் வெளி ஏற்பியுடன் நேராகவே பேசும். நேராகப் பேசத் தெரியாத செயலிகளுக்கு, ஆண்ட்ராய்டில் 'மாற்று இருப்பிடம்' கொடுக்கும் இடைச்செயலி ஒன்று தேவைப்படுகிறது. அதற்கான அமைப்பு, உருவாக்குநர் விருப்பங்கள் என்னும் மறைந்த பக்கத்தில் இருக்கிறது. கைப்பேசி பற்றிய பகுதியில் பதிப்பு எண்ணை ஏழு முறை தொட்டால் அப்பக்கம் திறக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே வழியில் பொய்யான இடத்தைக் காட்டவும் முடியும் என்பதால், இந்த அமைப்பு திறந்திருந்தாலே பதிவை ஏற்காத செயலிகள் உண்டு. அளவு வேலை முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும். வீட்டிலிருந்தபடியே வயலில் நிற்பதுபோல் காட்டலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்க வேண்டாம். உண்மையான சேதத்துக்கும் பணம் வராமல் போக அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

புள்ளி வருகிறது, ஆனால் இடம் தவறு

இணைப்பு சரியான பிறகும் புள்ளி வேறு எங்கோ விழுந்தால், எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்று பார்த்தாலே காரணத்தை ஊகித்துவிடலாம்.

ஐந்து, பத்து மீட்டர் என்றால் அது இயல்பு. திறந்தவெளியில் நல்ல கைப்பேசியின் துல்லியமே சுமார் 5 மீட்டர். வரைபடத்தின் பின்னணியில் உள்ள செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும்.

நூறு மீட்டருக்கும் மேல், எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால், வரைபடத்தின் அடிப்படை வேறு. பழைய இந்திய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் என்னும் புவிவடிவ அளவை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய வரைபடத்தைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும்போது அமைப்பில் சரியான அடிப்படையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஊர் முழுவதும் ஒரே பக்கமாக நகர்ந்துவிடும்.

பல கிலோமீட்டர் தள்ளியிருந்தால், எழுதியதில் பிழை. திண்டிவனத்தின் அட்சரேகை சுமார் 12 பாகை 14 நிமிடம். இதைச் சிலர் 12.14 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம். எனவே 14ஐ 60ஆல் வகுக்க வேண்டும். 12.2333 என்பதே சரி. இந்தச் சிறு கவனக்குறைவால் புள்ளி சுமார் 10 கி.மீ. தெற்கே போய்விடுகிறது. தசமத்தில் நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டரையும், ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரையும் குறிக்கும். ஆகவே விண்ணப்பத்தில் 12.23 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால், அது வயலைக் குறிக்காது, ஊரைக் குறிக்கும்.

இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றி எழுதுவது இன்னொன்று. திண்டிவனத்து எண்களை அவ்வாறு மாற்றினால் புள்ளி வடதுருவத்துக்கு அருகில் ஸ்வால்பார்டு தீவுகளில் போய் விழும். 2008இல் அங்கே தொடங்கப்பட்ட ஹிமாத்ரி என்னும் இந்திய ஆராய்ச்சி நிலையத்துக்குச் சுமார் 80 கி.மீ. தொலைவில்! அங்கே மல்லாட்டை விளையாது. இம்மாவட்டத்தில் அட்சரேகை 11 அல்லது 12 என்றும், தீர்க்கரேகை பெரும்பாலும் 79 என்றும் தொடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இத்தவறு கண்ணில் பட்டுவிடும். இரண்டும் 0 என்று வந்தால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடல் நடுவே புள்ளி விழுந்தால், ஏற்பி இன்னும் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்று கொள்க.

பரப்பை எவ்வளவு நம்பலாம்?

நான்கு மூலையிலும் நின்று புள்ளி வைத்தால் செயலி பரப்பைச் சொல்லிவிடும். அதை எவ்வளவு நம்புவது என்பது நிலத்தின் அளவைப் பொறுத்தது. ஏற்பி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மீட்டர் வெளியே தள்ளிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கர் சதுர நிலத்தில் இதனால் கூடுவது சுமார் 14 சென்ட். நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அதே பிழை 10 சென்ட் நிலத்தில் 2 சென்ட்டைக் கூட்டிவிடும். ஐந்தில் ஒரு பங்கு! ஆகவே மருந்து, உரம், விதை கணக்கிடுவதற்குப் பெரிய கொல்லையில் இந்த அளவு போதும். சிறு துண்டுக்கு நாடாவே மேல்.

பிழையைக் குறைக்க வழிகள் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிடமாவது நின்று, சராசரி எடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, பிறகு நகர வேண்டும். வலமாக ஒரு முறையும் இடமாக ஒரு முறையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் இரண்டையும் நம்பக் கூடாது. ககன் என்னும் இந்தியத் திருத்த அமைப்பை ஏற்கும் ஏற்பியானால் அந்த அமைப்பைத் திறந்து வைக்கலாம். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக உருவாக்கியது இது; ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 கோள்களில் இதற்கான கருவி ஏற்றப்பட்டது. இத்திருத்தம் கிடைக்கும்போதுதான் மேலே சொன்ன இலக்கம் 1லிருந்து 2 ஆக மாறும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். செயலி ஏக்கரில் காட்டினால் 2.47ஆல் வகுத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்து, 'என் நிலம் பட்டாவில் 40 ஏர், கருவியில் 38தான் வருகிறது. இரண்டு ஏரைப் பங்காளி உழுதுகொண்டான்' என்று வரப்பில் தகராறு தொடங்குவதை இன்று கிராமங்களில் கேட்க முடிகிறது. 40 ஏர் நிலத்தில் 2 ஏர் என்பது கைப்பேசியின் பிழைக்குள் அடங்கிவிடும். கைக்கருவி காட்டும் கோட்டுக்கு எல்லை வழக்கில் மதிப்பு இல்லை. புலப்படமும் அத்துக் கற்களுமே எல்லை. ஐயம் இருந்தால் புலப்பட நகலை அரசு இணையச் சேவை வழியாக எடுத்து, நில அளவைக்கு விண்ணப்பித்து, இரு தரப்பும் இருக்கும்போது அரசு நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்வதே முறை. சென்டிமீட்டர் அளவுக்குக் காட்டும் ரோவர் கருவிகள் நிலையான ஓர் அடிப்படை நிலையத்திலிருந்து இடைவிடாது திருத்தம் பெறுகின்றன. அவற்றையும் நம் கைப்பேசியையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

புயல் வருமுன் செய்து வைக்க வேண்டியது

பயிர் நட்டு வளர்ந்து நிற்கும்போதே ஒரு நாள் காலையில் வயலுக்குச் சென்று, இணைப்பைச் சோதித்து, இடப்புள்ளியுடன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்க. சேதத்துக்குப் பின் எடுக்கும் படத்துக்கு இது துணை நிற்கும். வரைபடத்தின் உங்கள் ஊர்ப் பகுதியை இணையம் உள்ள இடத்திலேயே இறக்கிச் சேமித்து வைக்க வேண்டும். புயலுக்குப் பின் கோபுரங்களும் மின்சாரமும் பல நாள் இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். மின்கலம் முழுதும் ஏற்றி, கருவியைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு வைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் துளையில் சேறு புகுந்தால் ஊசியால் குத்தாமல், நன்கு உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். ஈரம் உள்ளபோது சார்ஜ் போடுதல் கூடாது.

நான்கு மூலைகளின் எண்களையும் ஐந்து தசம இலக்கத்தோடு, சர்வே எண்ணுக்கு எதிரே, பேனாவால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்க. எழுதியபின் அவற்றைச் செயலியில் மறுபடி தட்டச்சு செய்து, புள்ளிகள் உங்கள் வயலிலேயே விழுகின்றனவா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கைப்பேசி மாறும், செயலி மாறும், எண்கள் மாறா. கருவியைக் கையாள்வதில் ஐயம் ஏற்படுவோர் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, தத்தம் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ அணுகலாம். போகும்போது ஏற்பி, கைப்பேசி, இணைக்கும் ஒயர் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒயரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், ஏற்பியை மட்டும் சோதித்துப் பயன் இல்லை.